தினமும் ஒரே இடமா, தினமும் வேறு இடமா? தானியங்கி ட்ரோன்களும் சிறு ட்ரோன்காரர்களும்

மாசி மாதம், திருவாரூர்ப் பக்கம் ஒரு வயல். மணி ஏழரை. பயிர் மேல் இருந்த பனி காய்ந்துவிட்டது, காற்று இன்னும் எழவில்லை. களைக்கொல்லி அடிக்க இதுதான் நேரம். வயலில் தண்ணீரை முதல் நாளே வடித்து வைத்திருந்தார்கள். ட்ரோன் கொண்டுவந்த பையன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி வரப்பின் மேலேயே நாலு பக்கமும் நடந்தான். ஒவ்வொரு மூலையிலும் நின்று திரையில் ஒரு புள்ளி வைத்தான். நாலாவது மூலைக்கு வந்ததும் வயலின் வடிவம் திரையில் விழுந்தது, அதற்குள் கோடு கோடாகப் பாதையும் விழுந்தது. பத்து லிட்டர் டேங்கை நிரப்பிவிட்டுத் தள்ளி வந்து ஒரு பொத்தானை அழுத்தினான். அதன்பிறகு ஸ்டிக்கை அவன் தொடவே இல்லை. ட்ரோன் எழுந்தது, முதல் கோட்டைப் பிடித்தது, அடித்துக்கொண்டே போய்க் கோடு முடிந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த கோட்டில் திரும்பி வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த வயல்காரர் கேட்டார்: "ஏன் தம்பி, எல்லாத்தையும் அதுவே செஞ்சிக்கிது. அப்ப நீ எதுக்கு?"

"மருந்து ஊத்தண்ணே" என்று சிரித்தான் பையன்.

அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் கடன் வாங்கி ட்ரோன் எடுத்தவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் ராத்திரியில் படுத்துக்கொண்டு யோசிப்பது இதைத்தான். ட்ரோன் தானாகவே எல்லாம் செய்யும் காலத்தில், ஒரு ட்ரோன், இரண்டு ட்ரோன் வைத்துத் தொழில் செய்கிறவருக்கு என்ன வேலை மிஞ்சும்? தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தானியங்கி என்றால் எந்த அளவுக்கு?

தானாக இயங்குவது என்பதை விளக்கு மாதிரி, எரிகிறது அல்லது எரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அது படிப்படியாக வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

முதல் படி, காற்றில் ஆடாமல் நிற்பது. கையை எடுத்தாலும் ட்ரோன் அதே இடத்தில் நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் சிறு கணினி சாய்வு, வேகம், காற்றழுத்தம், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் ஒரு நொடிக்குப் பல நூறு முறை மாற்றிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். இன்று எல்லா ட்ரோனிலும் இருப்பதால் இதை யாரும் தானியங்கி என்று சொல்வதுகூட இல்லை. ஆனால் பெரிய பாய்ச்சல் இதுதான். ஜப்பானில் யமஹா 1980-களின் இறுதியிலேயே ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை நெல் வயலில் மருந்தடிக்க இறக்கியது. அதை ஓட்டக் கை பழக வேண்டும், மாதக்கணக்கில். இன்றைய ட்ரோனுக்கு அந்தக் கைப்பழக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாவது படி, சொன்ன பாதையில் தானே போய் வருவது. அந்தப் பையன் வரப்பில் நடந்து செய்தது இதைத்தான். சாதாரண ஜிபிஎஸ் ஒன்றிரண்டு மீட்டர் தவறக் கூடியது. வயலோரம் ஒரு முக்காலியில் ஆர்டிகே நிலையம் (ஜிபிஎஸ் பிழையைக் கணக்கிட்டு ட்ரோனுக்குத் திருத்தம் அனுப்பும் கருவி) வைத்தால் பிழை சில சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். மருந்து விழாத கீற்றும் இருக்காது, இரட்டிப்பாக விழுந்த கீற்றும் இருக்காது.

மூன்றாவது, எதிரே இருப்பதைப் பார்த்து முடிவெடுப்பது. தென்னை மரம் வந்தால் நிற்பது, நிலம் மேடாக ஏறினால் தானும் ஏறுவது. ரேடாரும் கேமராவும் இந்த வேலையைச் செய்கின்றன. கரண்ட் கம்பியைப் பார்ப்பதில் மட்டும் இன்னும் தடுமாற்றம் உண்டு. கம்பி மெல்லியது, வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

நான்காவது, பக்கத்தில் ஆளே இல்லாமல் இயங்குவது. ஆங்கிலத்தில் டாக் என்கிறார்கள், நாம் ட்ரோன் பெட்டி என்று சொல்லலாம். ஒரு பெரிய பெட்டி. நேரம் வந்ததும் மூடி திறக்கும், ட்ரோன் எழுந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உள்ளே இறங்கும், மூடி மூடும், சார்ஜ் ஏறும், படங்கள் இணையத்தில் ஏறிவிடும். எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். சீனாவின் டிஜேஐ தன் முதல் பெட்டியை 2022-இல் கொண்டுவந்தது, 2025-க்குள் மூன்றாவது தலைமுறை வந்துவிட்டது. இப்படிப்பட்ட பெட்டிகளை இயக்கும் மென்பொருளில் பேர் வாங்கியிருக்கும் ஃப்ளைட்பேஸ் நம் புனே நகரத்துக் கம்பெனி.

நம் ஊரில் மருந்தடிக்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் நிற்கின்றன. சிறு ட்ரோன்காரர்களைப் பற்றிய கவலையெல்லாம் நான்காவது படியை நினைத்து எழுகிறது. அந்தக் கவலையில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

பெட்டி எங்கே வரும்?

எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றே ஒன்று. ஒரு வேலையைப் பார்த்ததும் இப்படிக் கேளுங்கள்: இது தினமும் ஒரே இடத்தில் நடக்கும் வேலையா, தினமும் வேறு வேறு இடத்தில் நடக்கும் வேலையா?

பெட்டி நகராது. அதற்கு மின்சாரம் வேண்டும், இணையம் வேண்டும், காவல் வேண்டும், சுற்றுப்புறம் அதற்குப் பழகியிருக்க வேண்டும். விலையும் அதிகம். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான முறை பறந்தால்தான் போட்ட காசு வரும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருக்கும் சூரிய மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கியது, 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். பேனல்களைத் துடைக்கவே அங்கே ரோபோக்கள் ஓடுகின்றன. இவ்வளவு பேனல்களில் எது பழுதாகிச் சூடேறுகிறது என்று வெப்பக் கேமராவால் பார்ப்பது ட்ரோனுக்கென்றே பிறந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் வெளியே இருந்து ட்ரோன்காரரைக் கூப்பிடுவார்கள். தினமும் பார்க்க வேண்டும் என்றால் பெட்டிதான் லாபம். சுரங்கம், துறைமுகம், அனல்மின் நிலையத்து நிலக்கரிக் குவியல் என்று வேலியும் காவலும் உள்ள பெரிய இடங்கள் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். இந்த வேலைகளை நம்பி இன்று வெப்பக் கேமராவுக்கு லட்சக்கணக்கில் போடுகிற சிறு ட்ரோன்காரருக்கு நான் எச்சரிக்கைதான் சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-இல், நடக்கிற சாலைப் பணிகளை மாதந்தோறும் ட்ரோனால் வீடியோ எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பல இளைஞர்களுக்கு இது வேலை தந்தது. இடம் மாதாமாதம் அதேதான். ஆனால் சாலை நூறு கிலோமீட்டர் நீளம், பெட்டி வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஆள் தேவைப்படுகிறார், ஆனால் எப்படிப்பட்ட ஆள்? முதல் மாதம் பாதையைச் சரியாக வகுத்துச் சேமித்துவிட்டால் அடுத்த மாதம் யார் போய்ப் பொத்தானை அழுத்தினாலும் அதே வீடியோ வரும். ஒப்பந்தம் பெரிய கம்பெனிக்கு, பறக்கவிடுவது நாள் சம்பளத்துக்கு வருகிறவர் என்று வேலை பிரிந்துபோக இதுவே வழி. ட்ரோன் உங்களுடையதாகவே இருக்கும், வாடிக்கையாளர் உங்களுடையவராக இருக்க மாட்டார்.

கல்யாண வீடியோவில் இன்னொரு விதமாக நடக்கிறது. மணமக்கள் நடந்தால் தானே பின்தொடரும் சிறு ட்ரோன்கள் வந்தபின், ட்ரோனுக்கென்று தனி ஆள் எதற்கு என்று வீடியோகாரரே வைத்துக்கொள்கிறார். அங்கே ட்ரோன் தனித்தொழில் என்பது போய், கேமரா லென்ஸ் மாதிரி இன்னொரு கருவி ஆகிவிட்டது.

வேறு வேறு இடம்: வேலை இருக்கும், கூலி?

வயல் வேலை முழுக்க இரண்டாவது ரகம். இன்று இந்த ஊர், நாளை பக்கத்து ஊர். நாலு மா இவருடையது, மூன்று மா அவருடையது. (டெல்டாவில் இல்லாதவர்களுக்கு: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.) யாரும் நாலு மா வயலுக்குப் பெட்டி வைக்க மாட்டார்கள். ட்ரோனை டாட்டா ஏஸில் ஏற்றி, ஜெனரேட்டரையும் பேட்டரிகளையும் தூக்கி, வாய்க்காலைத் தாண்டி வரப்பில் இறக்க ஆள் வேண்டும். அந்த அளவில் வேலை பத்திரம்.

ஆனால் இங்கே தானியங்கி வேறு வழியாக வந்து கையைக் கடிக்கிறது. பறக்கவிடுவது எளிதாகிவிட்டதால் பறக்கவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பயிற்சி மையத்தில் சில நாள் படித்தால் பைலட் சான்றிதழ் கிடைக்கிறது. மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கி, 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாக அறிவித்தார்கள். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். பயிற்சி 15 நாள். இஃப்கோ உர நிறுவனமும் நானோ உரம் தெளிக்க 2,500 ட்ரோன்கள் வாங்குவதாகச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து, மருந்துக் காற்றையே மூச்சாக இழுத்தவர்களுக்கு இது விடுதலை. ட்ரோன் பெருகுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் முழு விலை கொடுத்துக் கடனில் வாங்கியவரும், ஐந்தில் ஒரு பங்கு விலையில் வாங்கியவரும் ஒரே ஊரில் ஒரே கூலிக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது.

கூலி கொஞ்சம் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது மாதிரிக் கணக்குதான், உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி. ஒரு ஏக்கருக்கு ஒரு ஜோடி பேட்டரியின் சார்ஜ் தீர்ந்துவிடும். ஜோடி 50,000 ரூபாய், 250 முறை சார்ஜ் தாங்கும் என்று வைத்தால், ஏக்கருக்குப் பேட்டரித் தேய்மானம் மட்டும் 200 ரூபாய். வண்டி, ஜெனரேட்டர் பெட்ரோல் 70. உதவியாளுக்கு நாளைக்கு 800 என்று வைத்து 20 ஏக்கருக்குப் பிரித்தால் 40. மிச்சம் 190. இப்போது பக்கத்து ஊர்க்காரர் 400-க்கு வருகிறார் என்று நீங்களும் 400-க்கு இறங்குகிறீர்கள். செலவு எதுவும் இறங்காது. மிச்சம் 90. கூலி ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, கையில் நிற்பது பாதிக்கும் கீழே போய்விட்டது. வங்கித் தவணையும் காப்பீடும் இந்தத் தொண்ணூறு ரூபாயிலிருந்துதான் போக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பலர் பேட்டரியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. முதல் வருடம் லாபம் மாதிரி தெரியும். இரண்டாவது வருடம் பேட்டரி உப்பும்போதுதான் தெரியும், போன வருடம் சாப்பிட்டது பேட்டரியை என்று.

கிழக்கே பருத்தி

அந்த மாசிக் காலைக்கு வருகிறேன். பையன் "மருந்து ஊத்தண்ணே" என்று சொன்னது உண்மையில்லை. மூலைப் புள்ளிகளை வைக்கும்போது கிழக்கு வரப்பில் மட்டும் அவன் நேரம் எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கத்து வயலில் அரை முழ உயரத்துக்குப் பருத்திக் கன்று நின்றது. கீழே கிடந்த காய்ந்த வைக்கோல் துணுக்கை எடுத்து மேலே போட்டுப் பார்த்தான். அது கிழக்கே சாய்ந்து விழுந்தது. உடனே திரையில் கிழக்கு எல்லையை நாலைந்து மீட்டர் உள்ளே இழுத்துவிட்டான். "இந்த ஓரத்தைக் கைத்தெளிப்பான்ல அடிச்சிக்குங்கண்ணே, இதுக்குக் காசு வேணாம்" என்றான்.

நெல்லில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற 2,4-டி மருந்து, சரியான பருவத்தில் சரியான அளவில் அடித்தால், நெல்லை ஒன்றும் செய்யாது. பருத்தியைச் சும்மா விடாது. காற்றில் மிதந்து போகும் சிறு துளி பட்டாலே இலை சுருண்டு விரல் விரலாக நீண்டு செடி நொடித்துப்போகும். ட்ரோனின் விசிறிக் காற்று துளியை இன்னும் தூரம் தள்ளக்கூடும். ட்ரோனுக்கு எல்லைக்கோடு தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பருத்தியா உளுந்தா, மீன் குளமா, அதை விதைத்தவர் இவரோடு ஏற்கெனவே வரப்புத் தகராறில் இருப்பவரா என்று அதற்குத் தெரியாது. பயிர் வகையைக் கண்டுபிடிக்கும் கேமரா நாளைக்கு வரலாம். வந்தாலும், மருந்து பட்டுப் பருத்தி போனால் பஞ்சாயத்தில் நிற்கப் போவது கேமரா இல்லை.

தானியங்கி எடுத்துக்கொள்வது கைவேலையை. பொறுப்பை அது எடுத்துக்கொள்ளவில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. வயல்காரர் காசு கொடுப்பது அந்தப் பொறுப்புக்கும் சேர்த்துத்தான். அதை ட்ரோன்காரர்கள் தாங்களே மறந்துவிட்டு, பறக்கவிடுவதற்கு மட்டும் கூலி கேட்கும்போதுதான் பக்கத்து ஊர்க்காரரிடம் தோற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட்டில் வந்தன. எடையை வைத்துப் பிரிவுகள்: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பத்து லிட்டர் மருந்து ட்ரோன் சிறிய பிரிவில் அடங்கும். அதற்குப் பதிவு எண், ரகச் சான்று (அந்த மாடலைச் சோதித்துத் தரும் சான்று), ஓட்டுகிறவருக்குப் பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் வேண்டும். அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம்.

இந்தச் சட்டம் ஒவ்வொரு ட்ரோனுக்கும் பின்னால் ஒரு பைலட்டைத் தேடுகிறது. அது சிறு ட்ரோன்காரருக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவில் இந்த அடிப்படையே அசைகிறது, அதனால் அதைக் கவனிக்கச் சொல்கிறேன். அங்கே 2016-இல் வந்த பகுதி 107 விதிப்படி பைலட் ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்டலாம். 2024-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹைலியோ கம்பெனி, ஒரே பைலட் மூன்று பெரிய மருந்து ட்ரோன்களை ஓட்ட விலக்கு வாங்கியது. 2025 ஆகஸ்ட்டில் பகுதி 108 என்ற வரைவு வந்தது, கண்ணுக்கு எட்டாத தூரம் பறப்பதற்கு. அந்த வரைவில் பைலட் உரிமமே கேட்கப்படவில்லை. பொறுப்பு தனி மனிதரிடமிருந்து நிறுவனத்துக்குப் போகிறது. அனுமதி நிறுவனத்தின் பெயரில், மேற்பார்வைக்கு ஓர் ஆள், பறத்தலை ஒருங்கிணைக்க ஓர் ஆள். சான்றிதழைச் சொத்தாக நினைத்திருக்கும் தனி ஆளுக்கு அதன் மதிப்பு எப்படிக் கரையும் என்பதை இந்த வரைவு காட்டுகிறது. நம் நாட்டுக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை இந்தியா 2022 பிப்ரவரி 9-இல் தடை செய்தது, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் நம் சென்னையிலேயே கருடா, தக்ஷா போன்ற ட்ரோன் கம்பெனிகள் வளர்ந்தன. தக்ஷா குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்தது. நல்ல விஷயம். ஆனால் எந்த நாட்டு ட்ரோன் ஆனாலும், தானாகப் பறக்கும் அறிவு மென்பொருளில் இருக்கிறது, மென்பொருள் தயாரித்தவரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்கைடியோ, தானே பின்தொடரும் ட்ரோன்களில் முன்னோடி. 2023 ஆகஸ்ட்டில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டு, நிறுவனங்களுக்கும் அரசுக்கும் மட்டும் என்று போய்விட்டது. அதைச் செய்ய அதற்கு உரிமை உண்டு. ஒரு ட்ரோன் வைத்திருப்பவர்தான், தான் வாங்கியது ட்ரோன் மட்டுமில்லை, ஒரு கம்பெனியின் தயவையும் சேர்த்து என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டிருப்பார்.

ஆகவே ட்ரோன் எடுக்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். வருடாந்தர மென்பொருள் கட்டணம் உண்டா? பேட்டரி வேறு கடையில் வாங்கலாமா? ட்ரோன் விழுந்தால் சீசன் நடுவில் எத்தனை நாளில் சரிசெய்து தருவார்கள்? நெல்லில் மருந்தடிக்கும் நாட்கள் ஒரு போகத்துக்குச் சிலவே, பத்து நாள் ட்ரோன் படுத்தால் அந்தப் போகம் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வயல் வரைபடங்களை நீங்கள் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை அவை கம்பெனி சர்வரில் மட்டும் இருக்குமா?

கடைசிக் கேள்வியின் அருமை எனக்கு அந்தப் பையனிடம்தான் புரிந்தது. வேலை முடிந்ததும் டாட்டா ஏஸின் முன் சீட்டிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தான். வயல்காரர் பெயர், ஊர், எத்தனை மா என்று எழுதிவிட்டுக் கீழே குறித்தான்: "கிழக்கே பருத்தி, 5 மீ உள்ளே. மோட்டார் கொட்டகைப் பக்கம் ஸ்டே கம்பி, ரேடாரில் விழலை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மீன் குளம். பங்குனியில் திரும்பக் கூப்பிடுவார்." பக்கத்தைத் திருப்பினான், அடுத்த வயலுக்குக் கிளம்பினான்.